தம்பியின் ரத்தமும் சம்பந்தியம்மாவின் மைக்ராஸ்கோப்பும்

மூன்று வாரமாக ஒரு கோபத்தை அடக்கி வைத்திருக்கிறேன். இன்றைக்கு முடியவில்லை. கொட்டிவிடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. குருண் டவுனில் இருக்கிற என் தம்பி ரவி வீட்டுக்குப் போயிருந்தேன். தஞ்சோங் டாவாய்க் கருவாடு என்றால் அவனுக்கு உயிர். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் வழக்கத்துக்கு மேல் செருப்புகள். என்ன விசேஷம் என்று உள்ளே எட்டிப்பார்த்தால் – சாப்பாட்டு மேசையை ஹாலுக்கு நடுவில் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். மேலே ஒரு லேப்டாப். பக்கத்தில் கைக்கு அடக்கமாக ஒரு மைக்ராஸ்கோப். அந்தத் தாமான் குடியிருப்பில் இருக்கிற நாலைந்து பேர் சுற்றி நிற்கிறார்கள். ரவி விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

விரலில் ஊசி குத்துகிறவர் யார்? டாக்டரா? நர்ஸா?

சம்பந்தியம்மா! ரவி மகனுடைய மாமியார். பீடோங்கில் தையல் கடை வைத்திருப்பவர். ரவிக்கை தைத்தால் ஒரு நூல் பிசகாது. அந்தக் கையில் இப்போது ஊசி மட்டும் மாறியிருக்கிறது.

பத்திரிகையில் என் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் முப்பது வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்த்தவள். பென்ஷன் வாங்கிய பிறகுதான் பேனாவைப் பிடித்தேன். ஆகவே ஒரு தையற்காரம்மா ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தியம்மா ஒரு பெரிய சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். மேலே ஒரு சின்னக் கண்ணாடியை மூடினார். உடனே பார்த்தாரா என்றால் இல்லை. பேச ஆரம்பித்தார். உடம்பில் எத்தனை கோடி செல் இருக்கிறது, அதில் தினமும் எவ்வளவு சாகிறது, ஸ்டெம் செல் என்றால் என்ன, அதை ஆப்பிளிலிருந்து எடுத்துப் பவுடராக்கிய மேதை எந்த நாட்டுக்காரர்... பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓடியது. அதற்குப் பிறகுதான் தகட்டை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே தள்ளினார். லேப்டாப் திரையில் ரவியின் ரத்தம் வந்தது.

சிவப்பணுக்கள் டின்னில் அடுக்கின பிஸ்கட் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஓரத்தில் இருந்தவை ரம்புத்தான் மாதிரி முள் முளைத்து நின்றன. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். சம்பந்தியம்மா திரையைத் தொட்டுத் தொட்டு விளக்கினார். இது ஆசிட் ஏறின ரத்தமாம். கெமிக்கல் மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டுச் செல் எல்லாம் சாகக் கிடக்கிறதாம்.

பிறகு ரவிக்கு ஒரு கிளாஸ் தண்ணீரில் பவுடர் கலக்கிக் கொடுத்தார்கள். இருபது நிமிஷம் பொறுக்க வேண்டும். நான் அடுப்படிக்குப் போனேன்.

அங்கே கலா – ரவி மனைவி – டீ ஆற்றிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். மெதுவாகச் சொன்னாள். ரவி இரண்டு மாதமாக இனிப்பு நீருக்கு, அதுதான் சர்க்கரை வியாதிக்கு, போடுகிற மாத்திரையைத் தொடுவதில்லை. கிளினிக்குக்கும் போவதில்லை. வெறும் பவுடர்தான். காலில் சுண்டுவிரல் பக்கத்தில் ஒரு புண். ஃபேக்டரி ஷூ கடித்தது. ஆறவே இல்லை. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறானாம்.

வலிக்கவில்லையா? இனிப்பு நீர்க்காரன் காலில் புண் வந்து, அது வலிக்கவும் இல்லையென்றால் நரம்பு மரத்துப்போய்விட்டது என்று அர்த்தம். லேபில் உட்கார்ந்து முப்பது வருஷம், காலை வெட்டுவதில் முடிகிற அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தவள் நான்.

"ஏன் கலா எங்கிட்ட சொல்லல?"

"எப்படி அண்ணி சொல்றது? சம்பந்தி குடுக்கிற மருந்து. வேணாம்னா மருமக முகம் சுருங்கிடும்லா."

இதைக் கவனியுங்கள். இதுதான் நம் வியாதி. கடைக்காரன் வந்து விற்றால் நாம் நூறு கேள்வி கேட்போம். கத்தரிக்காயைக் கூட அமுக்கிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? ஆனால் சம்பந்தி கொண்டுவந்தால் விஷமாக இருந்தாலும் வெற்றிலைத் தட்டில் வைத்து வாங்கிக்கொள்வோம். இந்தக் கம்பெனிகளுக்கு அது நன்றாகத் தெரியும். விளம்பரத்துக்கு எதற்குச் செலவு செய்ய வேண்டும்? ஒரு குடும்பத்தில் ஒரு நல்ல பெண்மணியைப் பிடித்தால் போதும், கல்யாண ஆல்பத்தில் இருக்கிற அத்தனை பேரும் வாடிக்கையாளர்தான். கம்பெனி பெயரை எழுதலாம். எழுதினால் ஆசிரியர் வக்கீலைத் தேடிக்கொண்டு அலையணும். வேண்டாம்.

வெட்கத்தோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்ட பிறகும் நான் உடனே வாயைத் திறக்கவில்லை. டீயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து எல்லோருக்கும் கொடுத்தேன். எனக்கும் சம்பந்திதானே அவர்?

இருபது நிமிஷம் ஆயிற்று. மறுபடி விரலில் குத்து. இந்தத் தடவை குட்டிச் சொட்டு. பேச்சே கிடையாது. மேல் கண்ணாடியை மூடிய கையோடு தகடு மைக்ராஸ்கோப்புக்குள் போய்விட்டது. திரையில் பார்த்தால், அணுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, உருண்டையாக, அழகாக மிதக்கின்றன. ஹாலில் ஒருவர் கையே தட்டினார். ரவி முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. மாறினது ரத்தம் இல்லை. காத்திருந்த நேரம்.

லேபில் சேர்ந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற பாடம் இது. உடம்பை விட்டு வெளியே வந்த நிமிஷத்திலிருந்து ரத்தம் கெட ஆரம்பித்துவிடும். சின்னச் சொட்டு. தகட்டில் ஒரே இழுப்பு. நாக்கு நுனி மாதிரி மெலிந்து முடியணும். சட்டென்று காயணும். மெத்தனாலில் நனைத்து அணுக்களை அப்படியே நிறுத்தணும். அப்புறம் சாயம். அதற்குப் பிறகும் கண்ட இடத்தைப் பார்த்துவிட முடியாது. தடிப்பான இடத்தில் யாருடைய ரத்தமும் பிஸ்கட் அடுக்கு மாதிரிதான் தெரியும். ஓரம் காய்ந்தால் யாருடைய அணுவும் முள் முளைத்துத்தான் நிற்கும். அணுக்கள் ஒன்றை ஒன்று இடிக்காமல் பரவியிருக்கிற இடத்தைத் தேடிப் போய்ப் பார்க்கணும். லேபில் தினமும் காலையில் மெஷினைத் திறந்தால் முதலில் நோயாளி ரத்தத்தை விடமாட்டோம். விடை தெரிந்த கண்ட்ரோல் ரத்தத்தை ஓட்டி, மெஷின் உண்மை சொல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். இத்தனை கெடுபிடி எதற்கு? கண் பார்ப்பதை மனசு உடனே நம்பிவிடும் என்பதற்குத்தான்.

இன்னொன்று. இனிப்பு நீர் மைக்ராஸ்கோப்பில் தெரியவே தெரியாது. சர்க்கரை சிவப்பணுவுக்கு உள்ளே இருக்கிற ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த மாதிரி எந்தக் கண்ணாடியும் அதைக் காட்டாது. அளந்துதான் சொல்ல முடியும். சில மாசத்துக்கு ஒரு முறை கிளினிக்கில் ரத்தம் எடுக்கிறார்களே, அது அதற்காகத்தான்.

ரவிக்கு ஏன் இது தோன்றவில்லை? படிக்காதவனா? கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு சிப் ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் வேலை. நாள் முழுக்க அவனும் மைக்ராஸ்கோப்பில்தான் கண்ணை வைக்கிறான். கீறல் தெரிந்தால் ரிஜெக்ட், தூசி தெரிந்தால் ரிஜெக்ட். திரையில் தெரிவதை நம்புவதுதான் அவன் சோறு. அதனால்தான் விழுந்தான். திரையில் அவன் ரத்தமே ரிஜெக்ட் ஆகிக் கிடந்தால் பாவம், அவன் என்ன செய்வான்?

எழுந்தேன். சம்பந்தியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு தடவை பாருங்களேன் என்று விரலை நீட்டினேன். அவருக்கு ஒரே சந்தோஷம். ஒரு குத்துதான், ஆனால் இரண்டு தகடு வைக்கச் சொன்னேன். குட்டிச் சொட்டு ஒன்றில், பெரிய சொட்டு ஒன்றில். குட்டியை உடனே பார்க்கச் சொன்னேன். அழகான உருண்டைகள். "பாருங்க, அக்கா ரத்தம் எவ்வளவு சுத்தம்," என்றார். பெரியதை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கலாம் என்றேன். பவுடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பேரப்பிள்ளைகள் கதை பேசினோம். கால் மணி நேரம் கழித்து அந்தத் தகட்டையும் வைக்கச் சொன்னேன்.

பிஸ்கட் அடுக்கு. ஓரத்தில் முள்.

ஒரே விரல், ஒரே குத்து, ஒரே ஆள். சம்பந்தியம்மா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தடவை பேசிவிட்டுப் பார்க்கணும், பவுடர் குடித்த பிறகு உடனே பார்க்கணும் என்றுதான் டிரெய்னிங்கில் சொல்லிக் கொடுத்தார்களாம். ஏனென்று அவர் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவரை அப்படிப் பழக்கி அனுப்பினவன் எவனோ, எந்த ஏசி ரூமிலோ உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் கிடைத்தால் என் முப்பது வருஷச் சர்வீஸையும் மறந்துவிட்டு இரண்டு வைப்பேன்.

ரவி ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இது ஹேண்ட்லிங் கோளாறுக்கா," என்றான்.

அவன் ஃபேக்டரிப் பேச்சு அது. சிப் நன்றாகத்தான் இருக்கும், எடுக்கிற வைக்கிற கை கெடுத்துவிடும். அவ்வளவுதான் சொன்னான். எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

வெற்றி என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். காரில் போகும்போது விடாமல் திட்டிக்கொண்டே போனேன். இத்தனை வருஷம் உன் அக்கா லேபில் இருந்தாளே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, எவளோ திரையில் காட்டினால் மாத்திரையை நிறுத்துவியா – என்று. கடைசியில் அவன் மெதுவாகக் கேட்டான்.

"என் ரத்தத்த நீ பாத்திருக்கியாக்கா?"

எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன் என்றேன். அவன் ரத்தம் எங்கள் லேபுக்குத்தானே வரும்.

"நான் பாத்ததே இல்ல. எடுப்பாங்க, போவாங்க. அப்புறம் ஒரு நம்பர் சொல்வாங்க, திட்டுவாங்க. அந்தம்மாதான் மொத மொத என்னை உக்கார வச்சு, இது உங்க செல்லுன்னு காட்டினாங்க."

சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரி வாசலில் அவன் இறங்கக் கையைக் கொடுத்தேன்.

யோசித்துப் பார்க்கிறேன். சாயம் போட்ட தகட்டில் ஒரு வெள்ளை அணு எவ்வளவு அழகு தெரியுமா? கத்தரிப்பூ நிறத்தில் நடுக்கரு, அதைச் சுற்றிப் பொடிப் பொடியாகப் புள்ளிகள். அதைப் பார்க்கிற சுகத்துக்காகவே நான் வேலைக்குப் போன நாட்கள் உண்டு. ஆனால் அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரரை ஒரு நாளாவது உள்ளே கூப்பிட்டிருக்கிறேனா? லேப் கதவில் 'உள்ளே வரக்கூடாது' என்று எழுதி ஒட்டினதே நான்தான். நேரமில்லை, ஆளில்லை, ரூல்ஸ் இடம் கொடுக்காது... எல்லாம் நிஜம். என் சொந்தத் தம்பிக்குக் கூடவா நேரமில்லை? அந்தக் கம்பெனிமேல் வந்த கோபத்தில் பாதி அன்றைக்கு என் பக்கம் திரும்பியது. இன்னும் போகவில்லை.

ரவியின் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். புண் எலும்பு வரை போயிருந்ததாம். கால் தப்பியது. மாத்திரையைத் திரும்பச் சாப்பிடுகிறான், இன்சுலினும் சேர்ந்துகொண்டது. வேலைக்கு எப்போது போவான் என்று தெரியவில்லை. நாள் முழுக்க அந்தக் கால்மேல் நிற்கணுமே. இதை எழுதட்டுமா என்று கேட்டேன், எழுதுக்கா என்றான். கம்பெனிக்காரன் மட்டும் இன்றைக்கும் ஏதோ ஒரு வீட்டு ஹாலில், யாரோ ஒரு நல்ல அம்மாவின் கையால், ஒரு பெரிய சொட்டை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒரு விரலும் போகவில்லை.

நேற்று சம்பந்தியம்மா போன் செய்தார். அழுகை. "நான் எந்த மூஞ்சியோட தம்பியப் பாக்க வருவேன்க்கா?"

ரவி பக்கத்தில்தான் படுத்திருந்தான். போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

"வாங்க சம்பந்தியம்மா. வரும்போது அந்த மைக்ராஸ்கோப்ப மறக்காம எடுத்துட்டு வாங்க. எங்கக்கா இன்னும் எனக்கு ஒன்னும் காட்டல."