சீதாலெட்சுமியைப் பற்றிய கட்டுரை

மாதவி அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கி நான்கரை ஆண்டு ஆகியிருந்தது. வயது முப்பத்தேழு. மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய அடுக்குமாடி ஒன்றில் அம்மாவோடு இருந்தாள். பூச்சோங்கில் ஒரு தனியார் கல்லூரி, சாலாக் செலாத்தானில் ஒன்று, இரண்டிலும் மணிக்கு இவ்வளவு என்ற கூலியில் பாடம் நடத்தும் வேலை. நிரந்தர இடம் எங்கும் காலியில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பட்டம் முடித்தவர்களுக்கென்று அறிவிக்கும் போஸ்ட்டாக் ஆய்வுப் பணிகளுக்கு அவள் பத்தொன்பது மனு போட்டிருந்தாள். பன்னிரண்டுக்குப் பதிலே வரவில்லை. ஏழுக்கு, போட்டி கடுமை, மன்னிக்கவும் என்று வந்தது. எல்லா இடத்திலும் ஒரே நிபந்தனை: பட்டம் வாங்கி ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். அவளுடைய ஐந்தாண்டு அக்டோபரோடு முடிகிறது.

மே மாதம் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. வட ஐரோப்பாவில், அனைத்துலக உறவுகள் துறையில், குடியுரிமையும் எல்லைகளும் பற்றி இரண்டு வருட ஆய்வு. அவள் பட்டத்துக்கு எழுதியதே குடியுரிமை கிடைக்காத மலேசியத் தமிழர்களைப் பற்றித்தான். ஆனால் வெளியான கட்டுரை ஒன்றாவது வேண்டும் என்றிருந்தது. ஆய்விதழ்கள் ஒரு வருடம் இழுத்தடிக்கும். மூன்று வாரத்தில் போடுகிறோம் என்றது ஓர் இணைய இதழ்.

அவள் எழுதியது சீதாலெட்சுமியைப் பற்றி. கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்தவள். அக்கா பவுனம்மாள் ஆஸ்பத்திரியில் பிறந்ததால் ஐ.சி. என்னும் அடையாள அட்டை கிடைத்தது. தங்கை தொழிலாளர் லயத்து வீட்டிலேயே பிறந்தாள். அப்பா அவள் பிறப்பைப் பதியாமலே செத்துப்போனார். நாற்பத்தோரு வயதாகியும் அவள் கையில் ஒரு காகிதமில்லை. குடியுரிமை கேட்டு மூன்று முறை மனு போட்டாள், மூன்று முறையும் காரணம் சொல்லாமல் திருப்பிவிட்டார்கள். கிள்ளானில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

பேட்டி கொடுத்த அன்றே கேட்டுக்கொண்டாள். “பேரு போடாதீங்க டீச்சர். இடமும் போடாதீங்க லா. முதலாளிக்குப் பிரச்சினை வந்திடும்.”

“போட மாட்டேன்க்கா. சத்தியமா.”

பெயரை மாற்றித்தான் எழுதினாள். ஆனால் இதழாசிரியர், உயிரில்லை, வாசகர் அந்தப் பெண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். கெடுவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. மாதவி உட்கார்ந்து சேர்த்தாள்: கிள்ளான், கையுறைத் தொழிற்சாலை, இடது முழங்கையில் எண்ணெய் கொட்டிய தழும்பு, புதன்கிழமை தோறும் அவள் வைக்கும் மீன்தலைக் கறி. இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள்.

தொழிற்சாலை அலுவலகத்தில் யாரோ படித்தார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றியது. நேர்காணலுக்கு அழைப்பு வந்த அதே வாரம் சீதாலெட்சுமி கூப்பிட்டாள்.

“டீச்சர், நேத்தோட வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. நீங்க கெட்டது நினைச்சு எழுதலன்னு தெரியும். ஆனா மீன்தலைக் கறியெல்லாம் ஏன் டீச்சர் எழுதுனீங்க?”

மாதவி சொன்ன மன்னிப்பு அவளுக்கே கேட்கவில்லை. சீதாலெட்சுமி போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளான் போனாள். கேண்டீன் முதலாளி சபாபதி காய்கறி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கெஞ்சிப் பார்த்தாள்.

“என்னைய வில்லனாக்காதீங்கமா,” என்றார். “பதினோரு வருஷம் வச்சிருந்தேன். ஐ.சி. இல்லன்னு தெரிஞ்சேதான் வச்சிருந்தேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல. இப்ப ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேக்குறாங்க. என் லைசென்ஸ் போனா இங்க இருக்கிற ஒம்பது பேருக்கும் வேலை போயிடும். நான் என்ன செய்யறது, சொல்லுங்க.”

மாதவி கேட்டுக்கொண்டதால் இதழாசிரியர் ஊரையும் கறியையும் சொன்ன இரண்டு வரிகளை நீக்கினார். அதற்குள் படித்தவர்கள் படித்திருந்தார்கள்.

நேர்காணல் மாலை ஐந்து மணிக்குக் கணினித் திரையில் நடந்தது. நான்கு முகங்கள். கட்டுரையைப் புகழ்ந்தார்கள். அந்தப் பெண் அப்படியே கண்முன் நிற்கிறாள் என்றார் ஒருவர். கண்ணாடி போட்ட அம்மையார் ஒருத்தி மட்டும் வேறு கேட்டாள்: உங்களிடம் பேசியவரின் பாதுகாப்பை எப்படி உறுதி செய்தீர்கள்? அவர் இப்போது எப்படி இருக்கிறார்?

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மாதவி வாயைத் திறந்தாள். அக்டோபர் நினைவுக்கு வந்தது.

“நன்றாக இருக்கிறார். இன்னும் தொடர்பில்தான் இருக்கிறோம்,” என்றாள்.

அம்மையார் தலையசைத்துக் குறித்துக்கொண்டாள். ஒன்பது நாளில் நியமனக் கடிதம் வந்தது. அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். மாதவி தன் கிண்ணத்தையும் அவர்களுக்கே கொடுத்தனுப்பினாள்.

சீதாலெட்சுமியின் போன் அணைந்தே இருந்தது. புறப்படப் பத்து நாள் இருக்கையில் கேரி தீவுக்குப் போய் பவுனம்மாளைக் கண்டுபிடித்தாள். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் உள்ளே வா என்று சொல்லவில்லை.

“அவ எங்க இருக்கான்னு உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னுட்டா,” என்றாள். “எங்கயோ ஒரு வீட்டுல பாத்திரம் கழுவுறா. வெளிய தலை காட்டுறதில்ல. புடிச்சிடுவாங்கன்னு பயம். முன்ன அந்தப் பயம் அவளுக்குக் கிடையாது.”

“நான் வேற எதாவது...”

“ஒன்னும் வேணாம். நீங்க எங்கயோ போறதா கேள்விப்பட்டேனே?”

“வெளிநாட்டுக்குக்கா. ரெண்டு வருஷம்.”

“என்ன வேலையா?”

மாதவி துணிக்கொடியைப் பார்த்தபடி சொன்னாள். “ஐ.சி. இல்லாதவங்கள பத்தி ஆராய்ச்சி பண்ற வேலை.”

பவுனம்மாள் ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். “உங்ககிட்ட பாஸ்போர்ட் இருக்கு. போயிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டுக் காலி வாளியோடு உள்ளே போனாள்.

மாதவி போனாள். போகாமல் இருந்தால் சீதாலெட்சுமிக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடுமா என்று விமானத்தில் தன்னையே கேட்டுக்கொண்டாள். கிடைக்காது என்பது நிச்சயம். அது நிம்மதி தரவில்லை.

அங்கே அவளுக்குத் தனி அறை, கதவில் பெயர். ஜனவரியில் துறையில் ஒரு மாநாட்டுக்கு ஏற்பாடு செய்தார்கள். கட்டுரையில் வரும் அந்தப் பெண்ணையே காணொளியில் பேசவைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள். ஏற்பாடு செய்ய முடியுமா என்று அந்தக் கண்ணாடி அம்மையாரே கேட்டாள்.

“அவருக்குக் கேமரா என்றால் கூச்சம்,” என்றாள் மாதவி.

மேசையைச் சுற்றி எல்லோரும் புரிந்ததுபோல் தலையசைத்தார்கள். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.