ஓலையில் விழுந்த கையெழுத்து

பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கமிருந்து தைல வாசனை வந்த சனிக்கிழமை அது. எங்கள் ராயபுரம் கோயிலில் அந்த நேரத்துக்குச் சாம்பிராணியும் மெழுகுவர்த்திப் புகையும், காற்று திரும்பினால் கருவாட்டு வாடையும்தான் இருக்கும்; முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கோயிலுக்குள் வந்தது. பூசிக்கொண்டு வந்தவர்கள் கோவாவிலிருந்து சென்னைக்கு ஃபுட்பால் ஆட வந்திருந்த ஒரு டீம்காரர்கள். மறுநாள் அவர்களுக்கு ஃபைனல். எங்கள் பக்கத்து ஆட்டக்காரர்களெல்லாம் ஹார்பரில் பகல் முழுக்க கிரேன் ஓட்டிவிட்டு அப்புறம் பூட்ஸ் மாட்டுகிறவர்கள், ஆகவே பந்து உதைப்பதையே பிழைப்பாகக் கொண்ட மனிதர்கள் உண்டு என்பதே எங்களுக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. அப்படிப்பட்டவர்கள் ஆட்டத்துக்கு முந்தின நாள் எங்களைப் போலவே முழந்தாளில் நின்று பாவங்களைச் சொன்னது எங்கள் தெருவுக்கே பெரிய பெருமை.

எழுபதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. எங்கள் சந்தில் பையன்கள் ஆடும்போது ஆள் குறைந்தால் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள், அதுவும் "பொட்டப்புள்ள, போய் கோலாண்ட நில்லு" என்கிற மரியாதையோடு. நின்று நின்று எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. அந்த வாரம் முழுக்க மைதானத்து மதில்மேல் உட்கார்ந்து நான் பார்த்தது அவர்களுடைய கோல்கீப்பரை, எங்கள் பாஷையில் கோலியை, மட்டும்தான். பந்து வருகிற பக்கம் முன்னாலேயே தெரிந்தாற்போல் சாய்வார், விழுந்து எழுந்ததும் முழங்கையில் ஒட்டிய மண்ணை வாயால் ஊதிவிடுவார். பையன்கள் பதினோரு பேர் கையெழுத்துக்கும் அலைந்தார்கள். எனக்கு அவருடையது ஒன்று போதும்.

ஆனால் அன்றைக்கு அம்மா என்னைக் கோயிலுக்கு அனுப்பியது வேறு காரியமாக. ஃபிலோமினா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயரைச் சாமியார் படிப்பார். "ஓலை வாசிக்கிறது" என்போம். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும், தெரிந்தும் சொல்லாவிட்டால் பாவம். மாப்பிள்ளை அரக்கோணத்தில் ரயில்வே ஃபயர்மேன் என்பதால், அந்த ஊர்ச் சாமியார் எழுதி முத்திரை குத்திய தாள் எங்கள் சாமியார் கைக்கு வந்தால்தான் இங்கே வாசிக்க முடியும். அது சனிக்கிழமை மத்தியானம்தான் வீடு வந்து சேர்ந்தது. விபூதிப் புதனுக்கு முன்னால் மூன்றே ஞாயிறு பாக்கி. அதற்குப் பிறகு தபசு காலம், ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. ஈஸ்டருக்குத் தள்ளினால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அக்காவுக்கு இருபத்தைந்து நடந்துகொண்டிருந்தது, ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. "எங்கியும் நிக்காத, நேரா போய் சாமியாராண்ட குட்த்துட்டு வா" என்று சொல்லித்தான் அம்மா உறையை என் கையில் வைத்தாள்.

நான் நின்றேன். கோயில் வாசலில் பையன்கள் நோட்டுப் புத்தகமும் சிகரெட் அட்டையுமாக மொய்த்துக்கொண்டிருந்தார்கள். கோலி வெளியே வந்தார், கிட்டத்தில் பார்த்தால் ரொம்ப உயரம். எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்று, "பேப்பர்?" என்றார். உறை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது, அதை நீட்ட எனக்கு வெட்கம். உள்ளே இருந்த தாளோ மொடமொடவென்று வெள்ளையாக, கீழே கால் பக்கம் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. ஓரமாக ஒரு பெயர் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்ததாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் ஒன்றுமே நினைக்கவில்லை, உருவி நீட்டிவிட்டேன். தொடைமேல் வைத்து அகலமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சாமியார் பங்களாப் படியேறி, கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தேன். மேலே அக்கா பெயர், மாப்பிள்ளை பெயர், ஞானஸ்நானத் தேதிகள், முத்திரை. கீழே, "தடை ஏதும் உண்டெனில் சொல்பவர் பெயர்" என்று அச்சடித்து நீளமாகப் புள்ளி வைத்திருந்தது. அந்தப் புள்ளிகளின் மேலேயே கோலி தன் பெயரை எழுதியிருந்தார்.

போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணின் கல்யாணம் மூன்றாவது ஓலையில் நின்றுபோனது எனக்குத் தெரியும். யாரோ ஒரு ஆள் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் காகிதம்தான் காரணம், அதற்கப்புறம் அந்தப் பெண் வாசலுக்கு வந்து நான் பார்த்ததில்லை. கோவாவிலிருந்து வந்த ஒரு ஆம்பிளை அக்கா கல்யாணத்துக்குத் தடை சொல்லிவிட்டான், அவனை எழுத வைத்தவள் நான். பத்து வயது மூளைக்கு அதற்குமேல் வேறு அர்த்தம் எட்டவில்லை. தாளைக் கக்கத்திலிருந்த ஞானோபதேசப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். "குட்த்தியா?" என்றாள் அம்மா. "குட்த்துட்டேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெரியப்பா ஓலை கேட்கவே வந்திருந்தார். பிரசங்கம் முடிந்தது. சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பெயரைப் படித்துவிட்டுத் தாளை மடித்தார். அம்மா திரும்பி நைனாவைப் பார்த்தாள். நான் பொய் சொன்ன வாயோடு நன்மை வாங்கப் போனேன், போகாவிட்டால் எல்லோரும் கவனிப்பார்கள். சாவான பாவத்தோடு நன்மை வாங்கினால் நாக்கிலேயே ரத்தம் கசியும் என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சாமியார் வைத்த அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது; இறங்கவேயில்லை.

வெளியே கொடிமரத்தடியில் பெரியப்பா நைனாவை நிறுத்திவிட்டார். "ஏன் படிக்கல? பொண்ணு பக்கம் இன்னா கீது, இப்பவே சொல்லிடுங்க" என்றார், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. ஹார்பரில் வின்ச் ஓட்டுகிற நைனாவுக்கு வீட்டில் பேச்சு குறைவு, இடுப்பு பெல்ட்தான் அதிகம் பேசும். அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள். கால் வழியாக மூத்திரம் இறங்கி மணலில் விழுவது எனக்கே தெரிந்தது.

அக்கா என் கக்கத்திலிருந்த புத்தகத்தை உருவினாள். தாளைப் பிரித்துப் பார்த்தாள், பிறகு என் காலடியைப் பார்த்தாள். அவ்வளவு நேரம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

"நான்தான் நைனா," என்றாள். "பாப்பா கைலேர்ந்து நான்தான் வாங்கினேன். அந்த ஆட்டக்காரர் கையெழுத்து வோணும்னு ஆசையா இருந்துச்சு, வேற காகிதம் இல்ல. அப்புறம் குடுக்கப் பயந்துகினு வெச்சுட்டேன்."

நைனா அவளை அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் அறைந்தார். முக்காடு நழுவியதைக்கூட அவள் சரிசெய்துகொள்ளவில்லை. சத்தம் கேட்டு வந்த சாமியார் தாளை வாங்கி, அந்தப் பெயரை மசியால் குறுக்கே அடித்துவிட்டு, "ஒன்பது மணிப் பூசையில வாசிக்கிறேன், போங்க" என்றார். வாசித்தார். விபூதிப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணமும் நடந்தது.

ஆனால் பெரியப்பா கேட்டது அரக்கோணத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "ஆட்டக்காரன் கையெழுத்து வாங்கினவ" என்பது மாமியார் வீட்டில் அக்காவுக்கு இரண்டாவது பெயராயிற்று. அவளைக் கட்டிய மாமா அவளைத் திருவிழாவுக்குக்கூடத் தனியாக அனுப்பியதில்லை. பிள்ளைகள் ஒரு பந்து வாங்கி வந்தபோது அரிவாள்மணையில் வைத்து இரண்டாக அரிந்தார். ஒரு தடவை, நான் வளர்ந்த பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "நீ நடுங்கினத பாத்தா எவளும் சொல்லியிருப்பாடி" என்று சிரித்தாள். உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்றேன். இப்ப எதுக்கு என்றாள். எனக்கு அது வசதியாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அந்த மைதானத்தில் இன்று கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. ஓலையை டைப் அடித்துப் பலகையில் ஒட்டிவிடுகிறார்கள், நின்று படிக்கிறவர்களைக் காணோம். அக்கா போய் இரண்டு வருஷமாகிறது. அடக்கத்தன்று மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தங்கமானவ. அந்த ஒண்ண மட்டும் என்னால மறக்க முடியல" என்றார். நான் வாயைத் திறந்தேன். பத்து வயதில் வந்த அதே பயம் வந்தது, மூடிக்கொண்டேன்.

மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நேரில் சொல்ல இன்னும் எனக்குத் தைரியமில்லை, ஆனால் அச்சில் வருவது எதுவானாலும் பூதக்கண்ணாடி வைத்துக் கடைசி வரி வரைக்கும் படிப்பார். வாங்கினது நான், மாமா. அக்கா அந்த ஆளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.