கண்ணாடியைத் தட்டிய வாலாட்டி

பெற்றோர் அவளுக்கு வைத்த பெயர் ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாது. அரசு அலுவலகத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் அறையில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக் கொடுப்பவள். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க... அவ்வளவு வேணாம், கொஞ்சம் ஏத்துங்க" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லியே தாடையக்கா ஆகிவிட்டாள். அவளிடம் தாடையைக் காட்டாமல் இந்த ஊரிலிருந்து ஒருவரும் வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போனதில்லை.

படம் எடுத்து முடிந்ததும் சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

"கொஞ்சம் கலரா ஆக்கிக் குடுங்கக்கா."

"கறுப்பும் கலர்தான். வேற முகம் வேணும்னா வேற கடைக்குப் போங்க."

இப்படி அவள் விரட்டிவிட்டவர்கள் ஏராளம். மனிதரைத் தோலை வைத்து எடைபோடுவது ஒரு நோய், அந்த நோய்க்குத் தன் கடையில் கூலி வாங்கிக்கொண்டு சேவகம் செய்ய முடியாது என்பது அவள் கட்சி. இந்த விஷயத்தில் அவளோடு வாதாடி ஜெயித்தவர் இல்லை.

இளவேனில் வந்துவிட்டால் கடை காலையில் திறக்காது. நீளமான லென்ஸ் பொருத்திய கேமராவும் ஒரு பழைய சாக்குமாகக் குளக்கரைக்குப் போய்விடுவாள். சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தால் நாரைக்கும் மீன்கொத்திக்கும் அவள் இன்னொரு மண்மேடு. பறவைகளை ஏன் அவ்வளவு பிடிக்கும் என்று கேட்டால், "இத்தனை வருஷத்துல ஒரு காக்காகூட எங்கிட்ட வந்து வெள்ளையாக்குன்னு கேட்டதில்லை" என்பாள். கூட்டுக்கு அருகில் மட்டும் போகமாட்டாள். "பிள்ளை பெத்த வீட்டுல போய் நின்னு விளக்கடிப்பாங்களா?"

அந்த இளவேனிலில் அவள் குளக்கரைக்குப் போகவில்லை. தங்கையின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே படுத்துக் கிடந்தாள்.

தங்கையின் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்த்தவர். விடியும்போது வீடு திரும்புவார். மணியடித்தால் மாடியில் குடியிருக்கும் தம்பி குடும்பம் விழித்துக்கொள்ளும் என்று படுக்கையறை ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டுவார். தங்கை தூக்கக் கலக்கத்தோடு எழுந்துபோய்க் கதவைத் திறப்பாள்.

இப்போது பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தார். சாதுவான மனிதர். நகக்கண்ணில் கிரீஸ் போகாதவர். அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அந்த வாரத்தில்தான், ஒருநாள் விடியற்காலையில், ஜன்னல் கண்ணாடி தட்டப்பட்டது. டொக், டொக், டொக்.

விளிம்பில் ஒரு வாலாட்டிக் குருவி. கறுப்பும் வெள்ளையுமாக, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, அறையை உற்றுப் பார்த்தது. மறுபடி தட்டியது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

கொழுந்தன் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தார்.

"அண்ணி, இது அண்ணன்தான். வேற யாரு இந்த நேரத்துக்கு, இந்தக் கண்ணாடியை வந்து தட்டுவா? அவருக்கு விருப்பமில்லை, அதான் வர்றாரு."

இந்தக் கொழுந்தன் தன் முதல் மனைவி இறந்து ஆண்டு திரும்புமுன் மறுகல்யாணம் செய்துகொண்டவர். அப்போது எந்தக் குருவியும் எந்தக் கண்ணாடியையும் தட்டவில்லை. ஆண் மறுபடி வாழத் தொடங்கினால் ஆவிகளெல்லாம் கைகட்டி வாய்பொத்தி நிற்கின்றன. பெண் வாயெடுத்தால் மட்டும் அவற்றுக்கு இறக்கை முளைத்துவிடுகிறது. செத்தவர்களுக்குக்கூட எந்த வீட்டில் யாரை மிரட்டலாம் என்பது தெரிந்திருக்கிறது.

அக்காவுக்குச் செய்தி போனதும் கடையைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உயிரோட இருந்தவரைக்கும் யார்கிட்டயும் வாலாட்டாத மனுஷன் தம்பி உங்கண்ணன். செத்தப்புறம் வாலாட்டியாவா வருவாரு?"

"கேலி பண்ணாதீங்கக்கா."

"கேலி இல்ல. இது அதுங்க ஜோடி சேர்ற காலம். கண்ணாடியில தன் உருவத்தையே பாத்து, எவனோ எடத்தைப் பிடிக்க வந்திருக்கான்னு சண்டைக்குப் போகுது. உள்ளே திரையைப் போட்டுட்டா போயிடும். நாளைக்கு எல்லாரும் வந்து பாருங்க."

இதைத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னதுதான் தப்பு. மறுநாள் அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் பல்குச்சியும் தேநீர்க் கோப்பையுமாக வாசலில் திரண்டுவிட்டார்கள். கனமான நீலத் திரை தொங்கியது. வாலாட்டி வந்தது. விளிம்பில் அமர்ந்தது. முந்தைய நாள்களைவிட இருமடங்கு வெறியோடு கொத்தத் தொடங்கியது. எகிறி எகிறிக் கண்ணாடியில் நெஞ்சை மோதியது.

"பாத்தீங்களா!" என்றார் கொழுந்தன். "திரையைப் போட்டதும் வந்த கோபத்தைப் பாத்தீங்களா!"

கூட்டம் 'உச்' கொட்டியது. தங்கை யாரையும் பார்க்காமல் உள்ளே போய், மெக்கானிக்குக்குத் தொலைபேசியில் ஒரே வரி சொன்னாள்: "இப்போதைக்கு வேணாங்க." அக்காவுக்கு முகம் கொடுக்க வழியில்லை. ஊரின் தாடைகளையெல்லாம் ஏற்றி இறக்கியவளுடைய தாடை நெஞ்சில் இடித்தது.

கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினாள். வெளியே மாதிரிப் படங்கள் ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பெட்டி. வெயிலில் படங்கள் வெளுக்காமலிருக்க முந்தின வாரம்தான் அதன் ஒரு பக்கத்தில் உள்ளே கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் மட்டும் அவள் முகம், கலைந்த தலை, கழுத்துச் சுருக்கம் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன.

"அட மடச்சி" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். உள்ளே வெளிச்சம் குறையக் குறைய, வெளியே நிற்பவருக்குக் கண்ணாடி நல்ல முகக்கண்ணாடி ஆகிவிடும். மூக்குக்கண்ணாடியில் பளபளப்பு விழாமல் படமெடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவள், திரையைப் போட்டுக் குருவியின் எதிரியை இன்னும் தெளிவாகக் காட்டிக் கொடுத்திருக்கிறாள்!

மறுநாள் இருள் பிரியும்போதே பூச்செடிகளுக்கு நடுவே சாக்கை விரித்து, லென்ஸை ஜன்னல் விளிம்புக்கு நேராக ஒரு செங்கல்மேல் வைத்துப் படுத்தாள். எறும்பு கடித்தது. அசையவில்லை. வாலாட்டி வந்தது. இந்தத் தடவை நின்று வேடிக்கை பார்க்கும் மனிதர்களின் கண்ணால் அல்ல, குருவி நிற்கும் உயரத்திலிருந்து அக்கா பார்த்தாள்.

அன்று காலை சமையலறையில் தங்கையிடம் படங்களைக் காட்டினாள். ஒவ்வொரு படத்திலும் இரண்டு வாலாட்டிகள் அலகோடு அலகு முட்டி நின்றன. பின்னால் நீலத் திரை இல்லை, அறை இல்லை. எதிர்வீட்டு மாடியும் வானமும் இருந்தன.

"இதுல நம்ம வீடே இல்லையே."

"அதுக்கு நம்ம வீடு தெரியவே தெரியாதுடி. உன்னையும் பாக்கலை, என்னையும் பாக்கலை. அது பாக்கறது அதைத்தான்."

தங்கை வெகுநேரம் படத்தையே பார்த்தாள்.

"அப்ப அவர் வரலையா?"

"இல்லடா."

"ஒரு நாள்கூட?"

ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அக்காவின் நாக்கு நுனிவரை அது வந்தது. தங்கையைக் கட்டிப்போடும் கயிற்றில் தானும் ஒரு முடிச்சுப் போடுவதா என்று விழுங்கிவிட்டாள்.

"ஒரு நாள்கூட இல்ல. வர முடிஞ்சிருந்தா வந்திருப்பாரு. வந்து, இன்னுமா நீ யோசிக்கிறன்னு திட்டியிருப்பாரு."

தங்கை அழுதாள். அழுதுகொண்டே எழுந்து, துணி சோப்பைத் தண்ணீரில் குழைத்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"உள்பக்கம் இல்ல, வெளிப்பக்கம்" என்றாள் அக்கா.

"தெரியுது, தெரியுது. இந்தத் தடவை நீ சும்மா இரு."

உருவம் விழாதபடி கண்ணாடி முழுக்கச் சோப்பை அப்பினாள். தன் மேலிருந்த பாரத்தையும் சேர்த்துத் தேய்ப்பவள்போல் மூலைமுடுக்கு விடாமல் அப்பினாள்.

அடுத்த நாள் ஜன்னலில் சத்தமில்லை. தங்கை வெயில் ஏறும்வரை தூங்கினாள். அவளை எழுப்பியது தெருவில் வெடித்த சிரிப்பு. எழுந்துபோய்ப் பார்த்தாள். கொழுந்தனின் காரைச் சுற்றிக் கூட்டம். கார்க் கதவின் பக்கக் கண்ணாடிமேல் வாலாட்டி தொங்கிக்கொண்டு, உள்ளே இருந்த 'எவனோ'வை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கதவு நெடுக வெள்ளை எச்சம் வழிந்தது.

"என்ன தம்பி," என்றார் எதிர்வீட்டுத் தையல்காரர், "அண்ணன் கார்ல எங்கயோ போகணுங்கறாரு போல. கூட்டிட்டுப் போங்க."

"உங்க ரெண்டாவது கல்யாணத்தைப் பத்திக் கேக்க வந்திருப்பாரு" என்றாள் அவர் மனைவி. "அப்ப வர நேரமில்லாம இருந்திருக்கும்."

கொழுந்தன் துண்டை வீசினார். குருவி அந்தப் பக்கக் கண்ணாடியை விட்டு இந்தப் பக்கக் கண்ணாடிக்கு வந்தது. கடைசியில் அவர் தன் காலுறைகளைக் கழற்றி இரண்டு கண்ணாடிக்கும் மாட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு மாடியேறினார். ஆவியைப் பற்றி அதன்பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

தங்கை வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள்.

"நான்தான்... அன்னைக்கு வேணாம்னு சொன்னேன்ல, அதை விட்டுடுங்க... இல்ல, இல்ல, யாரும் வற்புறுத்தலை. நானேதான்... என்ன, பஸ்ஸுக்கு அடியில படுத்திருக்கீங்களா? சரி, வெளிய வாங்க. உக்காந்துக்கிட்டுக் கேளுங்க, சொல்றேன்."