நாக்கில் பார்த்த கடல்

தொண்ணூறுகளில், மைசூர் விஜயநகர் வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டேன். "சமையல் உப்பு ஆகாது சுவாமி, மீன் செத்துடும். இதுக்குன்னே தனி உப்பு இருக்கு," என்றார் மீன்கடைக்காரர். விலையைக் கேட்டதும், என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். குழாய்த் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து, ரசத்துக்குப் பார்ப்பதுபோல் நாக்கில் விட்டுப் பார்த்தேன். கடல் மாதிரியே கரித்தது.

ஆரஞ்சு நிற மீனை விட்டதும் அது துள்ளிச் சுழன்றது. "அப்பா, டான்ஸ் ஆடுது!" என்று என் ஐந்து வயது மகள் கண்ணாடியைத் தட்டிச் சிரித்தாள்.

"அதுக்கு மூச்சு முட்டுதுங்க, வெளிய எடுங்க," என்றாள் மனைவி.

"புது இடம். பழகிடும்," என்றேன்.

அரை மணி நேரத்தில் மீன் மல்லாந்தது. "ஏம்ப்பா?" என்றாள் மகள்.

"நீ கண்ணாடியைத் தட்டினேல்ல, அதான்."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். உப்பைப் பற்றி இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை.