விட்டத்தில் தொங்கிய தூளி

முதலில் மூச்சு இழுக்கிற ஒரு சீட்டிச் சத்தம் வரும், அப்புறம்தான் ஆள் வருவார். இரவில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு நோயாளி காது வழியாகத்தான் அறிமுகம். கள்ளக்குறிச்சியில் தனியார் வண்டி ஒன்றில் பல வருஷமாக இதுதான் என் பிழைப்பு. பகலில் தூக்கம் வராமல் புரண்டுகொண்டு, பக்கத்து வீட்டு மிக்ஸியைத் திட்டிக்கொண்டு கிடக்கும் இரவு வேலைக்காரர்களே, நீங்கள் என் ஆட்கள். ரோட்டில் அடிபட்டவர்களின் கதை உங்களிடமே நிறைய இருக்கும். நான் சொல்ல வந்தது சொந்த வீட்டுக்குள் மூச்சு முட்டியவர்களைப் பற்றி.

கடுகுக் கண்

ரிஷிவந்தியத்துக்கு அந்தப் பக்கம் ஓர் ஓட்டு வீடு. ஒரே அறை. வண்டியை நிறுத்தியதுமே உள்ளிருந்து அந்தச் சீட்டி. ஏழுமலை தன் எட்டு மாதப் பெண் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பருத்தியும் மக்காச்சோளமும் போட்ட காடுகளில் பூச்சி மருந்து அடிப்பது அவனுக்குத் தினக்கூலி. பின்னால் அவன் மனைவி அஞ்சலை. குழந்தைக்கு எச்சில் நிற்கவே இல்லை, உடம்பெல்லாம் வேர்வை. கண்ணின் கருமணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

சளி இழுப்பு என்று மருத்துவமனையில் மூச்சுக்குப் புகை வைத்தார்கள். ரெண்டு நாளில் சிரித்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பும்போது அஞ்சலை என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அந்த வீட்டில் முன்பு குடியிருந்த பெண் விட்டத்தில் தொங்கிச் செத்தவளாம். தூளி கட்ட வேறு இடம் இல்லாததால் இவர்கள் கட்டியிருப்பதும் அதே விட்டத்தில்தான். "புள்ள என்னத்தான் பாக்குதுண்ணா. ஆனா அது கண்ணுல வேற யாரோ உக்காந்துகினு பாக்கறாப்ல இருக்குது."

கதவைப் பிறாண்டிய கை

இது திருக்கோவிலூரில். பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஓர் அம்மா கக்கூஸ் கழுவப் போயிருக்கிறார். வாடை கூடத்துக்கு வரக்கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஆசிட்டை ஊற்றி, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைக் கொட்டியிருக்கிறார். வெளியே இருந்த கணவருக்குக் கேட்டதெல்லாம் கதவின் அடியில் நகம் பிறாண்டுகிற சத்தம். எலி என்று நினைத்தாராம். நல்லவேளை, எலியை விரட்டக் கதவைத் தள்ளியிருக்கிறார்.

ரெண்டும் சேர்ந்தால் விஷக்காற்று கிளம்பும், ஒரு நேரத்துக்கு ஒன்றுதான், அதுவும் கதவைத் திறந்து வைத்துத்தான் என்று மருத்துவமனையில் சிஸ்டர் விளக்கினார். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு அந்த அம்மா சொன்னார்: "ஒண்ணோட ஒண்ணு சேத்தா ஜாஸ்தி சுத்தமாவும்னு நெனச்சேங்க."

மலைக்குப் போய் வந்த பிள்ளை

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் என் மூக்கு தேட ஆரம்பித்துவிடும். ரெண்டாவது தடவை ஏழுமலை கூப்பிட்டபோது அந்த அறையை ஒரு சுற்றுப் பார்த்தேன். கொசுவர்த்தி இல்லை. எலி மருந்து இல்லை. டேங்க், மருந்து டப்பா எல்லாம் காட்டுக்காரரின் மோட்டார் கொட்டகையிலேயே வைத்துவிட்டு வருவதாக ஏழுமலை சொன்னான். உண்மைதான், அவன் கவனமான ஆள். தூளி மட்டும் காற்றில்லாத அறையில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பிள்ளையை எடுத்திருப்பார்கள். தெரிந்தும் நான் ஓர் அடி தள்ளி நின்றேன்.

பிள்ளை பிழைத்தது. இந்த முறை ஊரார் விடவில்லை. வெள்ளிமலைப் பக்கம் ஒரு பூசாரியிடம் கூட்டிப் போனார்கள். அவர் வீட்டில் பாயில் படுக்க வைத்திருந்த நாளெல்லாம் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. திரும்பிய ராத்திரியே சீட்டி. மூன்றாவது தடவை வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது, ஏழுமலையின் அம்மா வாசலில் நின்று அஞ்சலையைக் காட்டி, வீட்டுக்கு ஆகாதவள் இவள்தான், இவளை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளையை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று கத்திக்கொண்டிருந்தார். அஞ்சலை யாரிடம் சொல்கிறோம் என்றே தெரியாமல் சொன்னாள்: "மலையில நல்லா இருந்துச்சு. தூளியில போட்டேன், மூச்சு போயிட்டுது."

மழையில் நனைந்த புடவை

நல்ல மழை. துண்டு தேட நேரமில்லாமல் தூளியை அவிழ்த்து அப்படியே பிள்ளையைச் சுற்றிக்கொண்டு ஏறினாள். வண்டிக்குள் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு வாடை எழுந்தது. பூண்டு மாதிரி, மண்ணெண்ணெய் மாதிரி. எனக்குக் கண்ணில் நீர் வந்தது, வாயில் எச்சில் ஊறியது. மழையோடு மழையாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன்.

சிஸ்டர் பிள்ளையை வாங்கியதும் துணியை முகர்ந்தார். "இன்னா துணிம்மா இது?" பழைய புடவை, பிள்ளைக்கு மெத்தென்று இருக்கும் என்றாள் அஞ்சலை. "இதை வேற எதுக்கு எடுப்பீங்க?" அவள் கணவனைப் பார்த்தாள். மருந்து அடிக்கப் போகும்போது மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொள்ள அவன் எடுத்துப் போவது அதைத்தான். சாயங்காலம் வெறும் தண்ணீரில் அலசிப் போடுவாள், காய்ந்ததும் தூளி. நம் பக்கத்தில் பழைய புடவைக்கு இந்த ரெண்டு வேலையும் உண்டு. ஒரே புடவைக்கு ரெண்டையும் கொடுத்துவிட்டார்கள்.

டாக்டர் வந்தார். பிள்ளையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், ஊசிக்கு மேல் ஊசி போட்டார்கள். விடிகிற நேரத்தில் கருமணி விரிந்து, அம்மாவை அடையாளம் கண்டு அழுதது. ஏழுமலை சுவரோரம் குந்தியிருந்தான். கையுறை போட்ட சிஸ்டர் புடவையைப் பையில் போட்டுக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "என் மூஞ்சில படக்கூடாதுன்னுதாங்க கட்னேன்."

வீடு திரும்பியது

நான்தான் கொண்டுபோய் விட்டேன். அஞ்சலை எங்கேயும் அனுப்பப்படவில்லை. இப்போது ஏழுமலை மோட்டார் கொட்டகையிலேயே குளித்து, வேறு லுங்கி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறான். மருந்தடிக்கிற சட்டையையும் முகத்துணியையும் அங்கேயே தனியாகத் துவைத்து, அங்கேயே காயப்போடுகிறான். நான் விட்ட அன்றைக்கே புதுத்தூளியும் கட்டினார்கள், அதே விட்டத்தில். கட்டும்போது அஞ்சலை ஒரு தரம் மேலே பார்த்தாள், நானும் பார்த்தேன். பேச்சை மாற்ற, அந்த வாடை இன்னும் வண்டியில் இருக்கிறதென்றேன். மாமியார் முந்திக்கொண்டார்: "பூசாரி சொன்னாரே, அந்தச் செத்தவ போவும்போது வாடை காட்டிட்டுத்தான் போவான்னு."

ஆக, பேயை ஓட்டிய பேர் பூசாரிக்கு, வண்டியைக் கழுவுகிற வேலை எனக்கு என்று வாளியைக் குழாயடியில் வைத்துக் குழாயைத் திருப்பினேன்.