மேல் மூலையில் பிரதாப்

போன வெள்ளிக்கிழமை காலை பால் வாங்கப் போனவன் ஊர் முனையிலேயே நின்றுவிட்டேன். புது பேனர். அதிலிருந்த வாசகம் நான் எழுதியது. கொஞ்சம் பெருமையாகத்தான் அண்ணாந்து பார்த்தேன்... அடுத்த நொடி பாலை மறந்து போனைத் தேடினேன்.

நான் குடியிருப்பது கரிக்கலாம்பாக்கம் பக்கம், நெல் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருக்கும் ஓர் ஊரில். பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அடுத்த பேனர் எனக்குத்தான் — 'கண்ணீர் அஞ்சலி' என்று.

சென்ற வருடம் எங்கள் அம்மன் கோவிலில், அலகு குத்தி ஊர்வலம் வரும் செடல் திருவிழாவில் பேண்ட் செட்டுக்கு முன்னால் இரண்டு தெருப் பையன்கள் ஆடினார்கள். யார் காலை யார் மிதித்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. பிரதாப் என்ற பையனின் தலையில் பாட்டில் உடைந்தது. உடைத்தது அடுத்த தெரு விக்கியும் அவன் கோஷ்டியும். தையல், கேஸ், ஜாமீன் எல்லாம் ஆயிற்று. 'அடுத்த செடலுக்குப் பாத்துக்கலாம்' என்று பிரதாப்பின் நண்பர்கள் ஸ்டேட்டஸ் வைத்தார்கள்.

அந்த அடுத்த செடல்தான் போன வெள்ளிக்கிழமை.

இதைத் தடுக்கவென்றே ஊரில் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். சங்கம், லெட்டர் பேடு எதுவும் கிடையாது. ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வசந்திதான் எங்களுக்குத் தலைவர் மாதிரி. அவர் வைத்தியமே தனி. ஒரு பையன் முறுக்கிக்கொண்டு திரிகிறான் என்று தெரிந்தால் புத்திமதி சொல்லமாட்டார். வேலை சொல்வார். சிலிண்டரைத் தூக்கி வை, மோட்டாரைப் பார், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா...

"கோவமா இருக்கறவன் காதுல எதுவும் ஏறாது சார். கையில எதனா வேலைய குடுத்துட்டா கொஞ்ச நேரம் தள்ளிப்பூடும்" என்பார்.

கொஞ்ச நேரம் தள்ளிப்போவது சின்ன விஷயமா? பல சமயம் உயிரே அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இருக்கிறது.

இந்த வருடம் ஒரு படி மேலே போனோம். இரண்டு தெருப் பையன்களின் போட்டோவையும் ஒரே பேனரில் போட்டு, ஊரே ஒன்று என்று காட்டுவது. வாசகம் என் பொறுப்பு. யார் படம் எங்கே என்ற பேச்சு வந்தபோது வசந்தி சொன்னார்: "பிரதாப்பு அடிபட்ட புள்ள. அவன் மொகத்த கும்பலோட கும்பலா கீழ போட்டா அவங்க அம்மா மனசு ஆறாது. மேல, சாமி பக்கத்துல வெச்சுடலாம்."

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

எங்கள் பக்கத்து பேனர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காதணி விழாவோ, மஞ்சள் நீராட்டு விழாவோ — மேல் மூலையில், சாமிக்குப் பக்கத்தில், வட்டத்துக்குள் சிரிப்பவர்கள் யார்? போய்ச் சேர்ந்தவர்கள். வருடக்கணக்காகப் பார்த்தும் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் கண் பாதி அவிந்துவிடும் போலிருக்கிறது. பிரிண்டிங் கடைக்காரர் வழக்கப்படி வட்டத்துக்குக் கீழே ஒரு குத்துவிளக்கையும் ஏற்றிவிட்டார்.

நான் வசந்திக்கு போன் செய்வதற்குள் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. விக்கியின் ஆட்களில் ஒருவன், அழும் பொம்மைகளைச் சேர்த்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். என் வாசகத்தை ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பிரதாப் வீட்டுக்கு நாங்கள் போனபோது வாசலில் ஏழெட்டு பைக்குகள். அவன் அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எம் புள்ளைக்கு நாள் குறிச்சிட்டாங்களா வசந்தி?" என்று மட்டும் கேட்டார்.

வசந்தி நேராக பிரதாப்பிடம் போனார். அவன் பைக் மேல் உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"நாந்தான் மேல வெக்கச் சொன்னேன் பிரதாப்பு. விக்கிக்கு இதுல ஒன்னும் தெரியாது. கேக்கணும்னா என்னியக் கேளு."

சாவியைத் திருகுவது நின்றது.

"அத அவுக்கணும். ஏணி கடையில இருக்குது, ஏறத்தான் ஆளில்ல. வா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேனர் இருக்கும் முனையில்தான் விக்கியின் கோஷ்டி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். வேலை சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டாமா? ஆனால் பிரதாப் எழுந்துவிட்டான். கூட வரக் கிளம்பிய நண்பர்களை, "நீங்க இருங்கடா" என்று கையமர்த்தினான்.

முனையில் விக்கியும் அவன் ஆட்களும் இருந்தார்கள். நான் ஏணியைப் பிடித்தேன். பிரதாப் ஏறினான். கொஞ்ச நேரம் கயிற்றோடு மல்லாடியவன் கீழே பார்த்தான். எங்களை அல்ல... விக்கியை.

"முடிச்சு இறுகிப்போச்சு. யார்கிட்டனா கத்தி இருக்குதா?"

கடைக்குப் போய் எடுத்து வருகிறேன் என்று நான் வாயெடுப்பதற்குள் விக்கி எழுந்து வந்தான். சட்டையைத் தூக்கினான். இடுப்பிலிருந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை உருவினான். பிரித்தால்... காய் நறுக்கும் கத்தி இல்லை அது. சாயங்கால ஊர்வலத்துக்காக வந்தது.

வசந்தி இருவருக்கும் நடுவில் கையை நீட்டினார். "எங்கிட்ட குடுடா."

கொடுத்தான். வசந்தி அதை மேலே நீட்டினார். சென்ற வருடம் தலை உடைந்தவன் கையில் கத்தி, நேர் கீழே உடைத்தவன். சரக் சரக்கென்று கயிறு அறுந்தது. மொத்த பேனரும் என் தலைமேல் விழுந்தது. ஏணியை விடவும் முடியாமல், பிளெக்ஸுக்குள் குனிந்தபடி, வெளியே என்ன சத்தம் கேட்கப்போகிறதோ என்று காத்திருந்தேன். அந்தப் பயம் எதிரிக்கும் வேண்டாம்.

"கத்திய இப்டி குடுத்துட்டு எறங்கு" என்றது வசந்தியின் குரல்.

அது அவருடைய கட்டைப்பைக்குள் போனது. விக்கி திருப்பிக் கேட்கவில்லை. ஸ்டேட்டஸும் மதியத்துக்குள் காணாமல் போயிற்று.

சாயங்காலம் பிரதாப்புக்கு சீரியல் லைட் வேலை, விக்கிக்கு தண்ணீர்ப் பந்தல். சாமி கோவிலுக்குத் திரும்புகிற வரை பட்டாசு வெடித்தபோதெல்லாம் எனக்கு உடம்பு அதிர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. 'இந்த வருசம் சப்புனு போச்சு' என்று ஊரில் ஒரு குறைகூட உண்டு. நடந்த சண்டைக்கு ஆயிரம் சாட்சி கிடைக்கும். நடக்காமல் போன சண்டைக்கு யார் சாட்சி சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை வசந்தியின் கடையில் பேசிக்கொண்டிருந்தேன். பிரதாப் வந்தான். செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கல்லா மேஜைமேல் வைத்தான்.

"இதையும் வெச்சுக்க அக்கா."

அவனுடைய கத்தி. அன்று ஏணியில் ஏறும்போதே இடுப்பில் இருந்ததாம்.

வசந்தி உட்கார்ந்துவிட்டார். "அப்புறம் இன்னாத்துக்குடா கத்தி கேட்ட?"

"அவங்கிட்ட இருக்குதான்னு பாக்கத்தான்" என்றான். வாசலில் பைக்கைக் கிளப்பிவிட்டுச் சொன்னான்: "குடுப்பான்னு நெனைக்கல அக்கா."

மேலே ஒரு கத்தி, கீழே ஒரு கத்தி. நடுவில் நான்... என் கவலையெல்லாம் ஏணி வழுக்கிவிடக் கூடாதே என்பதுதான்!