வேர்க்காத பாதி

அம்மன் கோயில் பொங்கலை அன்று, ஊர்ப் பெண்களோடு ரோட்டோரம் அடுப்பு மூட்டி, புகையில் கண் எரிய நின்றிருந்தோம். அடுத்த அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு அக்கா என் முகத்தையே பார்த்தார்.

"என்ன மக்ளே, வலப்பக்கம் வேர்த்து ஊத்துது. இடப்பக்கம் போட்ட பவுடர்கூட கலையல்லியே?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணிமையும் கொஞ்சம் தொங்கும். கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரை முறைப்பவளுக்கு வேறென்ன ஆகும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு திரிந்தேன். அக்கா நச்சரித்து நச்சரித்து டாக்டரிடம் போக வைத்தார்.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. நெஞ்சின் மேல்பகுதியில், முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்பில், எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. அந்த நரம்புதான் பாதி முகத்தின் வேர்வையையும் இமையையும் பார்த்துக்கொள்கிறதாம். அபூர்வமாக வருவது, எடுத்துவிடலாம், புற்றா என்பது எடுத்துப் பரிசோதித்தால்தான் உறுதியாகும் என்றார் டாக்டர். பல வருடமாக மெதுவாக வளர்ந்ததென்றால் பெரும்பாலும் பயமில்லை. இமை எப்போதிலிருந்து தொங்குகிறது என்று பார்க்கப் பழைய போட்டோ கொண்டுவரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் செல்போனைக் குடைந்தேன். எல்லாப் படத்திலும் இரண்டு கண்ணும் ஒரே அளவு. அத்தனையும் ஆப்பில் போட்டு அழகாக்கியவை.

"ஒண்ணுகூடவா விட்டு வைக்கல்ல?" என்று கணவர்மேல் பாய்ந்தேன்.

"கண்ணு கோணலா இருக்கு, டிலீட் பண்ணுங்கன்னு நீதானே உயிரை எடுப்ப?"

உண்மைதான். அதனாலேயே கோபம் கூடியது. பீரோவைத் திறந்தேன், மூடினேன். பால்கனிக்குப் போனேன், வந்தேன். செத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"கழுத்துல என்ன?" என்றார் அவர்.

ஆபீசிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனதில் அடையாள அட்டையைக் கழற்றவே இல்லை. வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த படம். ஏழு வருடமாக அசிங்கமாக இருக்கிறதென்று முகம் தெரியாமல் திருப்பியே போட்டிருந்தேன். புரட்டினேன். இடது இமை அப்போதே தொங்கியிருந்தது. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

கட்டியை எடுத்தார்கள். புற்று இல்லை. இமையும் வேர்வையும் திரும்பாது என்றார்கள்.

விடுப்பு முடிந்து போனதும் புது அட்டைக்குப் படம் எடுத்தார்கள். ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை, இன்னொன்று எடுக்கலாம் என்றாள் படம் எடுத்த பெண்.

"வேண்டாம். இதையே போடு" என்றேன்.